தோகை மடங்கினால் ஆட்டம்: கோபன்ஹேகனின் பாண்டொமைம் அரங்கு

கோபன்ஹேகன் நகரின் நடுவே உள்ள டிவோலி பூங்காவுக்குள் பெரிய வாயில் வழியாக நுழைந்து இடப்புறம் திரும்பினால், சீனக் கோபுரம் ஒன்றின் கீழ்த்தட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோல ஒரு மேடை நிற்கிறது. வில்ஹெல்ம் டாலெரூப் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1874இல் எழுந்த பாண்டொமைம் அரங்கு அது. கூரை மேடைக்கு மட்டும்தான். பார்ப்பவர்களுக்கு வானமே கூரை. மேடையை மூடியிருப்பது வழக்கமான துணித்திரை அன்று, ஒரு பெரிய மயிலும் அதன் விரித்த தோகையும். நேரம் வந்ததும் தோகை இருபுறமும் மெல்ல மடங்கிச் சரிகிறது, மயிலும் அமிழ்ந்து மறைகிறது, உள்ளே வீடும் வீதியுமாகத் தீட்டிய காட்சி தெரிகிறது. மயில் தோகையை விரித்தால் ஆட்டம் என்று பழகிய நமக்கு, அது தோகையை மடக்கினால்தான் ஆட்டம் தொடங்கும் என்பதே முதல் வேடிக்கை. மேடையின் நெற்றியில் நான்கு சீன எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள். மக்களோடு சேர்ந்து மகிழ்வது என்பது அவற்றின் பொருள். மென்சியஸ் என்ற சீன அறிஞரின் நூலில் வரும் தொடர். அலங்காரத்துக்காக எழுதி வைத்தார்களோ என்னவோ, ஆட்டம் முடியும் வேளையில் அந்தத் தொடர் எனக்கு வேறு விதமாகப் பொருள்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடந்த கோடை விடுமுறையில் லண்டனிலிருந்து குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். எட்டு வயது மகளுக்கு "பாண்டொமைம் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி அழைத்துப் போனது என் பிழை. இங்கிலாந்தில் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. அங்கே பாண்டொமைம் என்றால் கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர் அரங்குகளில் நடக்கும் பேரிரைச்சலான நகைச்சுவை நாடகம். சிண்டரெல்லாவோ அலாவுதீனோ ஏதோ ஒரு கதை, இடையிடையே சினிமாப் பாட்டு, பெண் வேடமிட்ட தடித்த ஆண் ஒருவர், வில்லன் வந்தால் கூச்சல், நல்லவர் வந்தால் கைதட்டல். ஆகவே மயில் மறைந்து, நால்வர் மேடைக்கு வந்து, ஐந்து நிமிடம் ஒரு சொல்லும் பேசாமல் கையையும் காலையும் அசைத்தபோது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மைக் வேலை செய்யவில்லையா?"

கேள்வி சிரிப்பை வரவழைத்தது என்றாலும், இந்த மதிப்புரையை எழுத வைத்ததும் அதுதான். தமிழில் பாண்டொமைம் என்ற சொல்லுக்கு ஊமைக்கூத்து என்றும் மௌன நாடகம் என்றும் எழுதிப் பழகியிருக்கிறோம். நம் கல்லூரி விழாக்களில் முகத்துக்கு வெள்ளை பூசி, வெள்ளைக் கையுறை மாட்டி, இல்லாத சுவரைத் தடவிக் காட்டும் போட்டிக்கு மைம் என்றே பெயர். அந்தக் கலையைத் தன் பெயரின் முன்னொட்டாகவே வைத்திருக்கும் நடிகர் மைம் கோபியையும் நமக்குத் தெரியும். ஒரே சொல் சென்னையில் மௌனமாகவும் லண்டனில் கூச்சலாகவும் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு, இந்தச் சிறிய மயில் மேடையைப் போலத் தெளிவாக விடை சொல்லும் இடம் ஐரோப்பாவில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. பாத்திரங்கள் இத்தாலிய முகமூடி நாடக மரபிலிருந்து வந்தவர்கள். கசாண்டர் என்ற கிழவர். அவர் மகள் கொலம்பீன். அவளைக் காதலிக்கும், பல நிறச் சாய்சதுரங்கள் பொறித்த உடையணிந்த ஹார்லெகின். கசாண்டரின் வேலைக்காரனும், வெள்ளை உடையும் வெள்ளை முகமுமாக வருபவனுமான பியெரோ. கதை என்று சொல்ல அதிகம் இல்லை. கிழவர் மகளை வசதியான மாப்பிள்ளை ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்க நினைப்பார், காதலர்கள் ஓடுவார்கள், கிழவரும் வேலைக்காரனும் துரத்துவார்கள், மாயமும் தந்திரமும் உதவி செய்யும், கடைசியில் கல்யாணம். ஹார்லெகின் இயந்திரச் சிலையாக வேடமிடும் பழைய ஆட்டம் ஒன்று இங்கே இன்றும் பேர்பெற்றது. கூத்துப் பார்க்கப் போகிறவர் வள்ளி கடைசியில் யாரை மணப்பாள் என்று அறியவா போகிறார்? இங்கேயும் அப்படித்தான். தெரிந்த கதையை இன்று எப்படி ஆடுகிறார்கள் என்பதே பார்க்க வேண்டியது.

ஆடுகிறவர்கள் பாலே பயின்றவர்கள் என்பது நிற்கும் விதத்திலேயே தெரிகிறது. கை பேசும் மொழியும் பாலேயோடு உறவுடையது. மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் கல்யாணம். முகத்தைச் சுற்றிக் கையால் வட்டமிட்டால் அழகி. தலைக்கு மேல் இரு கைகளையும் ஒன்றையொன்று சுற்றிச் சுழற்றினால் நடனம். பரதநாட்டியக் கச்சேரிகளில் உட்கார்ந்து பழகியவருக்கு இவற்றைப் பிடித்துக்கொள்ளப் பத்து நிமிடம்கூட ஆகாது. நம் முத்திரைகளின் நுணுக்கத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்குள்ள அகராதி சிறியது. ஆனால் அந்தச் சின்ன அகராதியை வைத்துக்கொண்டு நகைச்சுவையை நிகழ்த்தும் நேரக்கணக்கு அபாரம். ஹார்லெகின் தன் இடுப்பில் செருகியிருக்கும் தட்டைக் கோலால் ஒரு தட்டுத் தட்டினால் காட்சி மாறும். இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துச் செய்த அந்தக் கோல் அடித்தால் பெருஞ்சத்தம் வரும், வலி வராது. அடிதடி நகைச்சுவையைக் குறிக்க ஆங்கிலேயர் இன்று சொல்லும் ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல் இந்தக் கோலின் பெயர்தான்.

பியெரோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த அரங்கின் உயிர் அந்தப் பாத்திரம். 1800ஆம் ஆண்டையொட்டி கசோர்ட்டி குடும்பத்தின் இத்தாலியக் குழு டென்மார்க்குக்குக் கொண்டுவந்த ஆட்டங்களே இன்று வரை தொடர்கின்றன. டிவோலி திறந்த 1843 முதல் 1892 வரை, அதாவது ஏறத்தாழ அரை நூற்றாண்டு, நீல்ஸ் ஹென்ரிக் வோல்கர்சன் என்ற ஒரே நடிகர் இந்த வேடத்தைக் கட்டினார். நான் பார்த்த பியெரோ முட்டாள்தனத்தைக் காட்டுவதற்கு முழியை உருட்டவில்லை, வாயைப் பிளக்கவில்லை. காதலர்கள் மேடையின் ஒரு மூலையில் மறைந்திருக்க, அவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டு, பார்த்ததைக் கிழவரிடம் சொல்வதா வேண்டாமா என்று சும்மா நின்று யோசித்தார். அந்த யோசனை எங்களுக்குத் தெரிந்தது. வெள்ளை பூசிய முகத்தில் ஒரு யோசனை தோன்றி, வளர்ந்து, வழி தெரியாமல் திரும்பிப் போனதைப் பின்வரிசையில் நின்ற குழந்தைகள்வரை புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

அதைப் பார்த்தபோது ரோமாபுரிக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. கிரேக்கச் சொல்லான பாண்டொமிமோஸ் என்பதைப் பிரித்தால் எல்லாவற்றையும் போலச் செய்பவர் என்று பொருள் வரும். மௌனம் என்ற கருத்து அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. முதலில் அது ஓர் ஆட்ட வகையின் பெயராகவும் இல்லை, ஆளின் பெயர். ஒரே கலைஞர், வாய் மூடிய முகமூடி அணிந்து, ஒரு புராணக் கதையின் எல்லாப் பாத்திரங்களையும் மாறி மாறித் தானே ஆடுவார். பாடுவதற்குத் தனியாகக் குழு உண்டு. குழலும் தாளமும் உண்டு. காலில் கட்டிய கட்டையால் தட்டித் தாளம் போடுபவரும் உண்டு. தாளத்துக்கு நட்டுவனார், பாட்டுக்குப் பாடகர், கதைக்கு ஒற்றை ஆட்டக்காரர் என்ற நம் சதிர்க் கச்சேரியின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால், இதைப் புரிந்துகொள்வதற்கு ஐரோப்பியரைவிட நமக்கே எளிது. மேடை மௌனமாக இருந்ததே இல்லை, ஆடுபவரின் வாய் மட்டும் மூடியிருந்தது.

அகஸ்டஸ் ஆட்சியில், கி.மு. 22ஆம் ஆண்டையொட்டி, சிலீசியாவைச் சேர்ந்த பைலடீஸும் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பதில்லஸும் இந்தக் கலையை ரோமில் நிலைநிறுத்தினார்கள். முன்னவர் சோகத்துக்கும் கம்பீரத்துக்கும் பேர்பெற்றவர், பின்னவர் இலேசான நகைச்சுவைக்கு. பைலடீஸின் மாணவர் ஹைலஸ் ஒரு முறை, கிரேக்கப் படைகளின் தலைவனான அரசனைப் பாடும் "மாபெரும் அகமெம்னன்" என்ற பாட்டு வரிக்குக் குதிகாலை உயர்த்தித் தன்னை உயரமாக்கிக் காட்டினார். கூட்டத்தில் இருந்த பைலடீஸ், நீ அவனை நெட்டையாக்கினாயே தவிர பெரியவனாக்கவில்லை என்று கத்தினாராம். அப்படியானால் நீங்களே ஆடிக் காட்டுங்கள் என்று கூட்டம் கேட்க, அவர் அதே வரிக்குச் சிந்தனையில் ஆழ்ந்த ஒருவனாக நின்றார்; எல்லோருக்காகவும் யோசிப்பதைவிடத் தலைவனுக்கு வேறென்ன பெருமை என்பது அவர் கருத்து. மாக்ரோபியஸ் என்ற பழைய லத்தீன் எழுத்தாளர் எழுதி வைத்த இந்தக் கதையை, கோபன்ஹேகனில் பியெரோ நின்று யோசித்ததைப் பார்த்த பிறகுதான் நான் முழுமையாக நம்பினேன்.

இன்னொரு கதை லூசியன் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதியது. நீரோ காலத்தில் டெமெட்ரியஸ் என்ற தத்துவவாதி, பாட்டும் பட்டுடையும் இல்லாவிட்டால் இந்த ஆட்டக்காரர்கள் ஒன்றுமில்லை என்று ஏளனம் பேசினார். உடனே ஓர் ஆட்டக்காரர் பாட்டையும் குழலையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, போர்த் தெய்வமான ஏரிஸும் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியும் கள்ளக் காதலில் பிடிபட்ட கதையைத் தனியாக ஆடினார். நீ செய்வதை நான் பார்ப்பதோடு கேட்கவும் செய்கிறேன், உன் கைகளே பேசுகின்றன என்று டெமெட்ரியஸ் தோல்வியை ஒப்புக்கொண்டார். இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, பாட்டில்லாமல் ஆடுவது அங்கே ஒரு விதிவிலக்கு, ஒரு சவால் என்பது.

அதைவிட வேடிக்கையான செய்தி ஒன்றுண்டு. மைம் என்ற கலையும் அதே ரோமில் தனியாக இருந்தது. மைம் நடிகர்கள் முகமூடி அணியாதவர்கள், பெண்களும் நடித்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, வாய் திறந்து பேசினார்கள். அதாவது அன்று மைம் பேசியது, பாண்டொமைம் பேசவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் மைம் பேசாது, பாண்டொமைம் ஓயாமல் பேசும். இரண்டு சொற்களும் சட்டைகளை மாற்றிப் போட்டுக்கொண்டது போன்ற இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று தேடினால், கலைஞர்களின் விருப்பத்தைவிட அரசாங்கத்தின் உரிமப் பத்திரங்களே அதில் அதிகம் வேலை செய்திருக்கின்றன.

பாரிஸில் 1680இல் தோன்றிய கொமெடி ஃபிரான்சேஸ் என்ற அரசு நாடகக் குழு, மேடையில் வசனம் பேசும் உரிமை தனக்கு மட்டுமே உரியது என்று சந்தைத் திடல் நடிகர்கள்மீது வழக்குத் தொடுத்துக்கொண்டே இருந்தது. பேசக் கூடாது என்றதும், திடல் நடிகர்கள் பாட்டின் வரிகளைப் பெரிய அட்டைகளில் எழுதிப் பிடித்தார்கள். வாத்தியக்காரர்கள் ஊரறிந்த மெட்டை வாசிக்க, கூட்டம் அட்டையைப் பார்த்துப் பாடியது, நடிகர் வாயை மூடிக்கொண்டு நடித்தார். சட்டம் நடிகரின் வாயைக் கட்டியது, பார்வையாளரின் வாயைக் கட்ட அதற்கு வழியில்லை. பிற்பாடு அதே நகரில், ஃபுனாம்புல் என்ற எளிய அரங்கில், கருப்புக் குல்லாயும் வெள்ளை முகமுமாக நின்ற தெபுரோ என்ற நடிகர், 1846இல் இறக்கும் வரை பியெரோ வேடத்தால் பாரிஸை ஆண்டார். பிரெஞ்சு மைம் கலைஞர் மார்செல் மார்சோவின் 1947ஆம் ஆண்டு பாத்திரமான பிப் வழியாக நம் கல்லூரி மேடைவரை வந்து சேர்ந்த வெள்ளை முகத்தின் மூதாதை அவரே.

லண்டனில் கதை இன்னும் சிக்கலானது. ஜான் வீவர் என்ற நடன ஆசிரியர், பழைய ரோமானியக் கலையை உயிர்ப்பிக்கிறேன் என்று சொல்லி, 1717இல் ட்ரூரி லேன் அரங்கில் ஒரு ஆட்டத்தை அரங்கேற்றினார். அவர் எடுத்துக்கொண்டது மேலே சொன்ன அதே கள்ளக் காதல் கதை. ஏரிஸும் அஃப்ரோடைட்டியும் அங்கே மார்ஸ், வீனஸ் என்ற ரோமானியப் பெயர்களில் வந்தார்கள். போட்டி அரங்கான லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் இருந்த ஜான் ரிச், படிப்பாளியின் இந்த முயற்சியைக் கண்டு, அதோடு இத்தாலிய ஹார்லெகினையும் மேடை மாயங்களையும் கலந்தார். தாமே லன் என்ற பெயரில் பேசாத ஹார்லெகினாக ஆடிப் பணம் குவித்து, 1732இல் கோவென்ட் கார்டனில் புது அரங்கே கட்டிவிட்டார். 1737இன் உரிமச் சட்டம் பேசும் நாடகத்தை இரண்டு அரங்குகளுக்குள் அடைத்தது. மற்ற அரங்குகளுக்குப் பாட்டும் நடனமும் சைகையும் மிஞ்சின. ஜோசப் கிரிமால்டி வளர்ந்தது இந்தச் சூழலில்தான். 1806 டிசம்பரில் கோவென்ட் கார்டனில் அவர் கோமாளியாக நடித்த தாய் வாத்து ஆட்டம் பெரும் புகழ் பெற்றது. அவருடைய பேர்போன பாட்டு ஒன்று சுட்ட ஆப்பிள் விற்கும் கிழவியைப் பற்றியது. அவள் குளிருக்கு என்ன வாங்கிக் குடித்தாள் என்ற இடத்தில் கிரிமால்டி வாயை மூடிக்கொள்வார். எதுகைக்குப் பொருந்தும் அந்தச் சொல்லை, ஜின் என்று, அரங்கமே கத்தும். சீச்சீ, வெட்கமாயில்லையா என்று அவர் கூட்டத்தைக் கடிந்துகொள்வார். நம் மேடைப் பேச்சாளர்கள் குறளில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியைக் கூட்டத்தின் வாயிலிருந்து வாங்குவதுபோன்ற உத்தி இது, சரக்குதான் வேறு.

1843 ஆகஸ்டு மாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. பதினைந்தாம் தேதி கோபன்ஹேகனில் கேயோர்க் கார்ஸ்டென்சன் டிவோலி பூங்காவைத் திறந்தார். பியெரோவும் ஹார்லெகினும் அங்கே குடியேறினார்கள். அடுத்த வாரம் லண்டனில் புதிய நாடக அரங்குச் சட்டம் ஒப்புதல் பெற்றது. எல்லா அரங்குகளுக்கும் பேசும் உரிமை கிடைத்தது. அன்றிலிருந்து ஆங்கிலப் பாண்டொமைம் பேசத் தொடங்கியது, இன்னும் நிறுத்தவில்லை. சிலேடையும் அரசியல் கிண்டலும் வந்தன, 1861இல் எச். ஜே. பைரன் எழுதிய அலாவுதீன் நாடகத்தில், ட்வாங்கே என்ற மலிவான சீனத் தேயிலையின் பெயரைத் தாங்கி அலாவுதீனின் விதவைத் தாய் வந்தாள், ஆண் நடிகரின் உருவத்தில். ட்ரூரி லேனில் அரங்கை நடத்திய அகஸ்டஸ் ஹாரிஸ், மியூசிக் ஹால் என்ற பாட்டும் நகைச்சுவையுமான கேளிக்கை அரங்குகளின் நட்சத்திரங்களைக் கொண்டுவந்தார், அவர்களில் ஒருவரான நகைச்சுவை நடிகர் டான் லெனோ அங்கே பெண் வேடத்தின் இலக்கணமாகவே ஆனார். ஹார்லெகினும் கொலம்பீனும் ஆட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியில் உதிர்ந்துபோனார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெயரின் இன்றைய நிலை எப்படி என்று சொல்ல, போன டிசம்பரில் லண்டன் புறநகர் அரங்கு ஒன்றில் பார்த்ததை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அரங்கின் பெயர் வேண்டாம். நால்வருக்கான கட்டணம் ஒரு வார மளிகைச் செலவைத் தாண்டியது. ஒலிபெருக்கியின் இரைச்சலில் சிலேடைகளில் பாதி காதில் விழவில்லை. தொலைக்காட்சிப் புகழுக்காகக் கொண்டுவந்திருந்த கதாநாயகனுக்குப் பாட்டும் வரவில்லை, ஆட்டமும் வரவில்லை. இடைவேளையில் ஒளிரும் பிளாஸ்டிக் கோல் விற்கிறவர்கள் குழந்தைகளைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு, பெண் வேடமிட்ட அந்த மூத்த நடிகர் ஒருவருக்காக நான் மறுபடியும் போவேன். அவருக்குப் பின்னால் பேய் வந்து நின்றபோது ஆயிரம் குழந்தைகள் "உங்களுக்குப் பின்னால்!" என்று அலற, அவர் தவறான பக்கமாகத் திரும்பி, எங்கே, யாரையும் காணோமே என்று கேட்ட அந்த அரை நிமிடத்தில், கிரிமால்டியின் ஆப்பிள் பாட்டும் பாரிஸின் அட்டைகளும் அங்கே உயிரோடு இருந்தன. ஆனால் எல்லோரும் எந்நேரமும் கத்தும் இடத்தில், கத்துவதற்குக் காரணம் தேவைப்படுவதில்லை. அதுதான் என் குறை.

மறுபடி மயில் மேடைக்கு வருவோம். ஏறத்தாழ அரை மணி நேர ஆட்டம் முழுதும் ஒரு சொல் இல்லை. பூங்காவின் ராட்டினங்களிலிருந்து வரும் அலறல் தூரத்தில் கேட்கிறது, மேடையில் இருப்பவர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. மகள் மைக்கை மறந்துவிட்டாள். கசாண்டருக்குத் தெரியாமல் கொலம்பீன் கதவு வழியாக நழுவும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். துரத்தல் காட்சிகள் இரண்டாம் முறை வரும்போது சலிப்பு தட்டியது என்பதையும், கொலம்பீனுக்கு ஓடுவதையும் ஒளிவதையும் தவிர அந்தப் பழைய கதை பெரிதாக எதையும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஆட்டத்தை அப்படியே காப்பதற்கு ஒரு விலை உண்டு.

கல்யாணம் முடிந்தது. நடிகர்கள் வணங்கினார்கள். அப்போது முன்வரிசைக் குழந்தைகள் டேனிஷ் மொழியில் ஏதோ கத்தத் தொடங்கினார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் நின்ற மூதாட்டி ஆங்கிலத்தில் பொருள் சொன்னார்: "ஏதாவது சொல்லு, பியெரோ!" தான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் இதையே கத்தியதாகச் சொன்னார். இது இந்த அரங்கின் நெடுநாள் வழக்கம். பியெரோ தயங்கினார், காதில் கை வைத்தார், இன்னும் சத்தமாகக் கேட்கட்டும் என்பதுபோல. கூட்டம் உரக்கக் கத்தியது. பிறகு அவர் வாயைத் திறந்து டேனிஷில் சிலவே சொற்கள் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. ஹுர்ரா என்ற ஒன்று மட்டும் விளங்கியது, ஏனெனில் அதைக் கூட்டமும் திருப்பிச் சொன்னது. அவ்வளவு நேரம் காத்திருந்து கிடைத்த அந்தக் குரல் ஒரு சாதாரண மனிதக் குரல்தான். ஆனால் மேனி சிலிர்த்தது. லண்டனில் இரண்டரை மணி நேரம் பேசிய எவர் குரலும் அப்படி விழவில்லை. நெற்றியில் இருந்த அந்த நான்கு சீன எழுத்துகள் அலங்காரம் இல்லை என்று அப்போதுதான் பட்டது.

ரோமில் பாடகர் குழு, பாரிஸில் அட்டையைப் பார்த்துப் பாடிய கூட்டம், லண்டனில் ஜின் என்று கத்திய அரங்கம், கோபன்ஹேகனில் ஏதாவது சொல்லு என்று கெஞ்சும் குழந்தைகள் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆடுபவர் வாய் மூடிய இடத்தில் வேறொருவர் வாய் திறந்துகொண்டே வந்திருக்கிறார். ஊமைக்கூத்து என்ற நம் மொழிபெயர்ப்பை இனிமேல் எழுதும்போது என் கை சற்றுத் தயங்கும். எல்லாமாடி என்றோ பல்வேடக் கூத்து என்றோ புதுச்சொல் ஆக்கலாம். ஆனால் டேனிஷ் குழந்தைகள் கத்தும் அந்தக் கடைசி நிமிடத்தை எந்தப் பெயருக்குள் அடக்குவது?

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பாண்டொமைமுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பூங்காவின் நுழைவுச் சீட்டே போதும். ராட்டினங்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதால், அவற்றில் ஏற விரும்பாத பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. கோடைப் பருவத்தில் போவது உத்தமம். அரங்கின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இதே மேடையில் பாலே ஆட்டங்களும் நடக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இரண்டாம் மார்கரெத் அரசியார் காட்சிகளும் உடைகளும் வடிவமைத்திருக்கிறார் என்பதும், அந்த நாட்களுக்கே உரிய ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் பியெரோவைப் பார்க்க வேண்டுமானால், அன்றைய நிகழ்ச்சி நிரலில் பாண்டொமைம் என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். திறந்தவெளி என்பதால் மழைச்சட்டை கையில் இருக்கட்டும். குடை விரித்தால் பின்னால் நிற்பவர்களுக்கு மேடை மறையும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் தொடங்குவதற்கு முன்பே வந்து மேடைக்கு நெருக்கமாக இடம் பிடித்துவிட்டால், தோகை மடங்குவதையும் அருகிலிருந்து பார்க்கலாம். உணவு, ராட்டினம், கடை என்று எதற்கு ஓடினாலும், ஆட்டம் முடிந்து நடிகர்கள் வணங்கியதும் கிளம்பிவிடக் கூடாது. அன்று எங்கள் கண்ணெதிரே அப்படி மூன்று குடும்பங்கள், மயில் திரும்பி வருவதற்குள், பியெரோ பேசுவதைக் கேட்காமலே போய்விட்டன.